கல்லறைத் தோட்டத்துக்கு நிதி வைப்பது எப்படி? வேலூர்ப் பக்கம் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

இருநூறு வருஷத்துக் கல்லறைகளைப் பார்க்க வேலூர்க்காரர்கள் அதிக தூரம் போக வேண்டாம். தோட்டப்பாளையத்தில் திப்பு சுல்தான் குடும்பத்தாரின் சமாதிகள் இருக்கின்றன. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் இங்கே காவலில் இருந்து 1832-ல் இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்குத் தமிழக அரசு முத்து மண்டபம் எழுப்பியது. 1806 ஜூலை 10 கிளர்ச்சியில் இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கோட்டைக்குப் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் சரித்திரம் துணை. ஒரு துறையோ சங்கமோ எப்போதாவது எட்டிப் பார்த்துவிடும்.

உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்கோ ஜமாஅத்தின் கபர்ஸ்தானுக்கோ அந்த வசதி கிடையாது. அங்கே இருப்பவர்கள் வாத்தியார்கள், நர்சுகள், தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள், பீடி சுற்றிய அம்மாக்கள். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் முள்ளை வெட்டி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனால் அடுத்த மழையில் பழையபடி காடாகிவிடும்.

கமிட்டிக்குப் புதிதாக வந்தவர்களையும், அப்பா அம்மா கல்லறைக்கு வெளியூரிலிருந்து ஏதாவது செய்ய நினைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனி ஒரு கல்லறைக்கு என்று ஒதுக்கிய பணம் பெரும்பாலும் ஒரு தலைமுறையைத் தாண்டுவதில்லை. மொத்தத் தோட்டத்துக்கு என்று வைத்த பணத்துக்குத்தான் ஆயுசு அதிகம். சுற்றுச்சுவர் விழுந்த இடத்தில் ஒரே ஒரு கிரானைட் கல்லறை மட்டும் பளபளப்பாக இருந்து என்ன பயன்?

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள்

வசூல் நோட்டு அச்சடிப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் வகையும் உரிமையும் எழுதிய பதிவேட்டை, பாருங்கள். சிட்டா, புலப்பட நகல், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். பழைய பத்திரங்களில் வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கும். அந்த மாவட்டம் 1989-ல் பிரிந்தது. மிஞ்சிய வேலூர் மாவட்டமும் 2019-ல் மூன்றானது. ஆகவே ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் கலெக்டர் அலுவலகத்துக்கும், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். சில ஊர்களுக்கு வட்டமும் மாறியிருக்கும். சர்வே எண் உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஆக்கிரமிப்புத் தகராறு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

நிலம் யார் பெயரில் என்பதைப் பொறுத்துத்தான் பணத்தை யார் வாங்கலாம் என்பது. சி.எஸ்.ஐ. சபைகளில் சொத்து பொதுவாகத் தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தார் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் காலத்து இடங்கள் பலவும் அந்த வழியில் வந்தவை. ஆம்பூர்ப் பக்கம் லுத்தரன் சபைக்குத் தனி ஏற்பாடு. கத்தோலிக்கப் பங்கு என்றால் மறைமாவட்டம். கபர்ஸ்தான் வக்ஃபு சொத்து. அதை நிர்வகிக்கும் முத்தவல்லியும் வக்ஃபு வாரியமும் பொறுப்பு. 2025 சட்டத் திருத்தத்துக்குப் பின் வக்ஃபு சொத்து விவரங்களை மத்திய அரசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பதால், உங்கள் கபர்ஸ்தானுக்கு அது முடிந்துவிட்டதா என்று முத்தவல்லியிடம் கேட்டுவிடுங்கள்.

பதிவேட்டில் மயானப் புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம். அங்கே இடத்துக்கு விலை பேசி ரசீது போட யாருக்கும் உரிமை கிடையாது. பராமரிப்புக்கு நன்கொடை வாங்கலாம், அவ்வளவுதான். சொந்தப் பட்டா நிலத்தில் தோட்டத்தை விரிவாக்கப் போகிறீர்கள் என்றால் உரிமம் இல்லாமல் புதைக்க முடியாது. ஊராட்சிப் பகுதிகளில் வீட்டிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று 1999 விதிகள் சொல்கின்றன. நிலம் வாங்க முன்பணம் கொடுக்கும் முன் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

பெயர்ப் பதிவேடு

எத்தனை கல்லறை, அவற்றில் எத்தனைக்கு ஆள் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எந்தக் கணக்கும் நிற்காது. வாலிபர் சங்கப் பிள்ளைகளை இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் இறக்கிவிட்டால் முடிந்துவிடும். கட்டம் போட்ட தாளில் வரிசை வரிசையாக வரைந்து எண் கொடுங்கள். எண், பெயர், இறந்த வருஷம், கல்லறையின் நிலை, இப்போதுள்ள உறவினர், அவருடைய போன் நம்பர், ஒரு போட்டோ. இவ்வளவு போதும்.

எழுத்து மங்கிய கல்லை ஆசிட் ஊற்றியோ கம்பி பிரஷ் போட்டோ தேய்க்க விடாதீர்கள். மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். தண்ணீர் தெளித்து, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் பார்த்தால் பாதிக்கு மேல் படிக்க முடியும். வெயில் விழாத மூலையென்றால் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து ஒளியைச் சாய்த்து விடுங்கள்.

ஆள் இல்லாத கல்லறைகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். அடுத்த கணக்குக்கு அந்த எண்தான் அச்சாணி.

வருஷச் செலவு எவ்வளவு?

நானூறு கல்லறை உள்ள ஒரு தோட்டத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை. உங்கள் ஊர்க் கூலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முள் வெட்டுவது, தோட்டக்காரர் சம்பளம், மோட்டார், மின்சாரம், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து வருஷம் 1,20,000 ரூபாய். இத்தோடு பட்ஜெட்டை முடித்துவிடுவது பல கமிட்டிகளின் வழக்கம். சுற்றுச்சுவரும் கேட்டும் இருபது வருஷத்தில் ஒருமுறை 6,00,000 ரூபாய் கேட்கும் என்று வைத்தால், அதற்கு வருஷம் 30,000 ஒதுக்க வேண்டும். ஆக 1,50,000.

நானூறால் வகுத்தால் ஒரு கல்லறைக்கு 375 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பதிவேட்டில் ஆள் இருப்பது 150-க்குத்தான் என்று வந்திருந்தால்? மீதி 250 பேர் மண்ணுக்குள்ளிருந்து சந்தா கட்டப் போவதில்லை. அந்த 150 குடும்பங்கள்தான் மொத்தத்தையும் சுமக்க வேண்டும். குடும்பத்துக்கு 1,000 ரூபாய். இந்தக் கணக்கை மறைக்காமல் சபைக் கூட்டத்தில் போர்டில் எழுதிக் காட்டுங்கள். "எங்க தாத்தா கல்லறைக்கு 375 தானே, ஏன் ஆயிரம் கேக்கறீங்க" என்பவருக்கு வேறு எந்தப் பதிலும் எடுபடாது.

செலவைக் குறைக்க ஒரு வழி, வேலையை நேரம் பார்த்துச் செய்வது. சீமைக் கருவேலத்தை மேலோடு வெட்டினால் பணம் வீண். அது இரண்டு மடங்காகத் துளிர்க்கும். வடகிழக்கு மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும்போதே, டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் வேரோடு தோண்டி எடுங்கள். கல்லறை இடுக்கில் முளைக்கும் அரச, ஆலங்கன்றுகளை விரல் தடிமனில் இருக்கும்போதே பிடுங்க வேண்டும். தடித்துவிட்டால் கல்லறையைப் பிரித்துத்தான் எடுக்க முடியும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்கிவிட்டால் அடுத்த வருஷம் பாதி வேலை மிச்சம்.

மூலதனமாக எவ்வளவு வைக்க வேண்டும்?

"ஒரே தடவையாக ஒரு தொகை கட்டிவிடுகிறேன், காலத்துக்கும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் வருவார். வருஷம் 1,000 ரூபாய் செலவு, வங்கி வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பொருளாளர் மனக்கணக்கில் 15,000 போதும் என்று சொல்லிவிடுவார். வட்டி ஆயிரத்துச் சொச்சம் வருகிறதே!

வருகிறதுதான். ஆனால் கூலி அதே ஆயிரத்தில் நிற்காதே. வருஷம் 5 சதவீதம் ஏறினால் பதினான்கு பதினைந்து வருஷத்தில் அதே வேலைக்கு இரண்டாயிரம் ஆகும். வட்டி அன்றைக்கும் ஆயிரத்துச் சொச்சம்தான். நம் பக்கத்தில் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன் வைத்த கட்டளைப் பணத்தின் கதை இதுதான். பெரிய மனதோடு 500 ரூபாய் வைத்தார்கள். இன்று அதன் வட்டியில் ஒரு மாலை வாங்க முடியாது.

சரியான கணக்கு இப்படி. 7 சதவீத வட்டியில் 5 சதவீதத்தைத் திரும்ப மூலதனத்தில் சேர்த்துவிட வேண்டும். செலவழிக்கக் கிடைப்பது மீதி 2 சதவீதம். வருஷம் 1,000 ரூபாய்க்கு, அதுவும் கூலியோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும் ஆயிரத்துக்கு, 50,000 ரூபாய் மூலதனம் வேண்டும். 15,000 எங்கே, 50,000 எங்கே!

முழுத் தோட்டத்துக்கும் இதே முறையில் போனால் 75 லட்சம் வரும். எந்தச் சபையும் அதை ஒரே மூச்சில் திரட்டாது, திரட்டவும் தேவையில்லை. மூன்று வழியாகப் பணம் வரட்டும். ஆள் இருக்கும் குடும்பங்களின் வருஷச் சந்தா. புதிதாக அடக்கம் செய்யும்போது வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு, அப்படியே நிரந்தர நிதிக்கு. அப்புறம் மொத்தமாகத் தருபவர்களின் தொகை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் நிரந்தரப் பராமரிப்பு என்று சொல்லி இடம் விற்கும் கல்லறைத் தோட்டங்கள் விலையில் ஒரு பகுதியைத் தனி நிதியில் போட வேண்டும் என்று சட்டமே உண்டு. நமக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் கமிட்டித் தீர்மானம் போட யாரும் தடுக்கவில்லை.

இன்னொன்று, ரசீதில் 'என்றென்றைக்கும்' என்று எழுதாதீர்கள். 25 வருஷம் என்று எழுதுங்கள். அதே வட்டி, அதே விலையேற்றத்தில் 25 வருஷப் பராமரிப்புக்கு இன்று சுமார் 20,000 ரூபாய் போதும். கடைசியில் முதலும் தீர்ந்துவிடும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. காலம் முடிந்ததும் பேரப்பிள்ளைகள் புதுப்பிக்கலாம். கால வரம்பு வைப்பது இரக்கமில்லாத காரியம் ஒன்றும் இல்லை. சிங்கப்பூர்ச் சுவா சூ காங் கல்லறையில் ஒரு இடத்துக்கு 15 வருஷம்தான். உலகப் போர்களில் இறந்த வீரர்களின் கல்லறைகளை 1917 முதல் பார்த்துவரும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 'என்றைக்கும்' என்று சொல்லலாம், ஏனென்றால் இந்தியா உட்பட ஆறு நாட்டு அரசுகள் அதற்குப் பணம் தருகின்றன. நமக்குப் பின்னால் எந்த அரசாங்கம் நிற்கிறது?

பணத்தை எங்கே, யார் பெயரில்?

செயலாளரின் சொந்த சேவிங்ஸ் கணக்கில் வேண்டவே வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அவர் இறந்தால் வாரிசுச் சான்று கேட்டு அலைய வேண்டியிருக்கும். சபைக் கணக்கிலேயே 'கல்லறைத் தோட்ட நிரந்தர நிதி' என்று தனித் தலைப்பும் தனி வங்கிக் கணக்கும் தொடங்கி, மூவரில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். மூலதனத்தைத் தொட வேண்டுமானால் பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும் என்று எழுத்தில் இருக்கட்டும். கோயில் கூரை ஒழுகும்போது எல்லோர் கண்ணும் முதலில் இந்தப் பணத்தின் மேல்தான் விழும்.

சபையோ பங்கோ இல்லாமல் பல குடும்பங்கள் கூடி நடத்தும் இடம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் சங்கமாகப் பதிவு செய்யலாம். அறக்கட்டளைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதும் உண்டு. எதுவானாலும் பான் எண் எடுத்து, வருமானவரியில் அறநிறுவனமாகவும் பதிந்துகொள்ள ஒரு ஆடிட்டரைப் பிடியுங்கள். நிரந்தர நிதிக்குத் தருபவரிடம், 'இது மூலதன நிதிக்கு' என்று ஒரு வரியாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் சாதாரண வரவாகக் கணக்கில் ஏறிவிடும். வரிவிலக்கு ரசீது தருவோம் என்று மட்டும் அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கான அமைப்புக்கு 80ஜி சலுகை பொதுவாகக் கிடைக்காது.

வங்கி வைப்புக்குக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான். 12 லட்சம் சேர்ந்துவிட்டால் மூன்று வங்கியில் பிரித்துப் போடுங்கள். சீட்டு, நகைக்கடை ஸ்கீம், அதிக வட்டி தரும் நிதி கம்பெனி எதுவும் வேண்டாம். வேலூர், ஆற்காடு பக்கம் அதிக வட்டி ஆசையில் பணத்தை விட்டுவிட்டு நிற்பவர்களை நமக்கெல்லாம் தெரியும்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் நிஜமான சிக்கல். நர்சு வேலைக்குப் போன பிள்ளைகள் இல்லாத சபை இங்கே ஏது? இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய இந்திய பாஸ்போர்ட் நகலை மட்டும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆனால் அமெரிக்க, பிரிட்டன் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினர்) அட்டை வைத்திருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத அமைப்பு அதில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு உள்ளவர்களும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளைக் கணக்கில்தான் பெற வேண்டும். பெற்றதை இன்னொரு அமைப்புக்கு மாற்றவும் முடியாது. குடியுரிமை மாறியவர் இங்குள்ள தன் அண்ணனுக்கு அனுப்பும் குடும்பப் பணம் வேறு விஷயம். அதைக் கமிட்டிக்குக் கொண்டுவரும் குறுக்கு வழியாக மாற்றிவிடாதீர்கள்.

நிலத்தை எழுதி வைக்க நினைக்கும் குடும்பங்களுக்கு

சொந்தக் கொல்லையில் பெரியவர்களை அடக்கம் செய்து சமாதி கட்டியிருக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. "இரண்டு ஏக்கரை எழுதி வைத்து, அதன் வருமானத்தில் சமாதிக்குக் காலாகாலத்துக்கும் விளக்கும் பூசையும்" என்று உயில் எழுத ஆசைப்படுவார்கள். உச்ச நீதிமன்றம் 1953-ல் சரஸ்வதி அம்மாள் எதிர் ராஜகோபால் அம்மாள் வழக்கில் இதைத்தான் எடுத்துக்கொண்டது. நம் மதராஸ் பக்கத்திலிருந்து போன வழக்கு அது. கணவரின் சமாதியில் பூசை நடத்த நிரந்தரமாகச் சொத்தை ஒதுக்கியது இந்துச் சட்டப்படி அறச்செயலாகாது, செல்லாது என்று தீர்ப்பானது. மகான்களின் சமாதி கோயில்போல் ஊரே வழிபடும் இடமாகிவிட்டால் நிலைமை வேறு. சாதாரணக் குடும்பச் சமாதிக்கு அப்படி எழுதினால் பின்னால் பங்காளி வழக்குப் போட்டு நிலத்தைப் பிரித்துக்கொள்ள முடியும். நிலத்தை வாரிசு ஒருவருக்கே கொடுத்துப் பராமரிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைப்பதா, வேறு வழியா என்று சிவில் வக்கீலிடம் உட்கார்ந்து பேசுங்கள். பத்திர எழுத்தரிடம் மட்டும் கேட்டு முடிக்கிற காரியம் இல்லை.

வெளியூரில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிய யோசனை: கட்டும்போதே செலவு வைக்காத கல்லறையாகக் கட்டிவிடுங்கள். பாத்ரூம் டைல்ஸ் ஒட்டிய கல்லறை நம் ஊர் மே மாத வெயிலில் சில வருஷத்திலேயே பெயர ஆரம்பிக்கும். இரும்பு கிரில் துரு பிடித்துத் திருட்டும் போகும். தாழ்வான கருங்கல் மேடை, தண்ணீர் வழிய லேசான சரிவு, ஆழமாகச் செதுக்கிய எழுத்து போதும். பெயின்ட் அடித்த தங்க எழுத்துக்கு ஆயுள் கிடையாது. மிஞ்சிய பணத்தைத் தோட்ட நிதியில் கட்டி, வருஷம் இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், வாட்ஸ்அப்பில் போட்டோ கேளுங்கள். தோட்டக்காரருக்குத் தனியாகப் பணம் அனுப்புவதைவிடக் கமிட்டி வழியாக அனுப்புங்கள். தனித்தனியாகக் காசு வந்தால் காசு வந்த கல்லறை மட்டும் சுத்தமாக இருக்கும். கபர்ஸ்தானில் இந்தத் தலைவலி குறைவு. கபர்மேல் கட்டடம் எழுப்பாத இடங்களில் சுவர், பாதை, தண்ணீர், விளக்கு இவற்றோடு செலவு முடிந்துவிடும். பராஅத் இரவு வசூலை அதற்கென்றே ஒதுக்கலாம்.

அரசுப் பணமும் வருஷக் கணக்கும்

சுற்றுச்சுவர், பாதை போன்ற ஒருமுறை வேலைகளுக்கு மட்டும் அரசை அணுகுங்கள். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி, எம்.பி. நிதி, சிறுபான்மையினர் நலத்துறை ஒதுக்கீடு என்று மூன்று கதவு உண்டு. கலெக்டர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரிடம் இந்த வருஷம் என்ன திறந்திருக்கிறது என்று கேளுங்கள். மனுவோடு புலப்படமும் மதிப்பீடும் வைத்தால்தான் கோப்பு நகரும். முள் வெட்ட எந்த அரசும் வருஷா வருஷம் பணம் தராது.

கணக்கை மார்ச் கடைசியில் முடித்து, ஏப்ரலில் ஒரு பக்கத்துக்குள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். மூலதனம் எவ்வளவு, எந்த வங்கி, வட்டி எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு திரும்ப மூலதனத்தில் சேர்த்தோம், எவ்வளவு செலவு. வட்டி விகிதம் இறங்கிய வருஷம் 25 வருஷத் தொகையையும் மறுபடி கணக்குப் போட்டு ஏற்றுங்கள். ஏற்கெனவே கட்டியவர்களிடம் கூடுதல் கேட்க வேண்டாம். கமிட்டி கலைந்தாலோ இடம் நிரம்பி மூடினாலோ நிரந்தர நிதி யாருக்குப் போகும் என்று விதிமுறையில் ஒரு வரி இப்போதே எழுதிச் சேர்த்துவிடுங்கள். தோட்டம் மூடியபின்தான் பராமரிப்புச் செலவு முழுக்க அந்த நிதியை நம்பி நிற்கும். புதிய அடக்கக் கட்டணம் அன்றோடு நின்றுவிடும்.